சர்க்கரைக்குப் பதில் தேன்: கேக் ஏன் அமுங்கிப்போகிறது?

கேள்வி: வீட்டில் எட்டு மாதக் குழந்தை முதல் எல்லோரும் சாப்பிடட்டும் என்று, கேக்கில் 1 கப் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக 1 கப் தேன் சேர்த்தேன். மேற்புறம் கருகிவிட்டது. நடுப்பகுதி வேகாமல் குழைந்து அமுங்கிப்போனது. எங்கே தவறு?

பதில்: கப்பில் அளந்ததில்தான் பாதிச் சிக்கல். 1 கப் சர்க்கரையின் எடை சுமார் 200 கிராம். அதே கப்பில் தேன் 340 கிராம் வரை பிடிக்கும். தேனில் ஏறத்தாழ 18 சதவீதம் தண்ணீர், மீதி பெரும்பாலும் சர்க்கரைதான். ஆகவே உங்கள் கலவைக்குள் 80 கிராம் கூடுதல் சர்க்கரையும் 60 மில்லி கூடுதல் தண்ணீரும் போயிருக்கின்றன. சர்க்கரை மிகுந்தால் மாவும் முட்டையும் இறுகத் தாமதமாகும். அதற்குள் எழும்பிய கேக் தாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிடும்.

இனி தராசில் நிறுத்துச் சேருங்கள். 200 கிராம் சர்க்கரைக்கு 240 கிராம் தேன் சரியான ஈடு. அதில் ஏறக்குறைய 40 மில்லி தண்ணீர் இருப்பதால், பாலிலோ தயிரிலோ அந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தேனில் ஃபிரக்டோஸ் அதிகம். அது சாதாரணச் சர்க்கரையைவிட இனிப்பானது. அதனால் 200 கிராம் தேனே போதும் என்பது என் கருத்து. அப்போது 35 மில்லி குறைத்தால் போதும்.

தேனுக்குப் புளிப்புத் தன்மையும் உண்டு. செய்முறையில் பேக்கிங் பவுடர் மட்டுமே இருந்தால், இந்த அளவு தேனுக்குக் கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா சேர்க்கலாம். ஏற்கெனவே சோடா இருந்தால் கூட்டாதீர்கள். சோடா மிஞ்சினால் சோப்பு வாடை வரும், நிறமும் இன்னும் வேகமாகக் கருக்கும்.

மேற்புறம் கருகியதற்கு முக்கியக் காரணம் தேனிலுள்ள ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். மாவிலும் முட்டையிலும் உள்ள புரதத்தோடு சேர்ந்து இவை விரைவில் பழுப்பேறும். 180 டிகிரி செல்சியஸ் என்று இருந்தால் 165 வைத்து, சற்றுக் கூடுதல் நேரம் விடுங்கள். பாதி நேரத்துக்குப் பிறகு நிறம் ஏறினால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடலாம். நிறத்தைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். நடுவில் குச்சி குத்திப் பார்ப்பதே நம்பகமானது.

பலரும் கவனிக்காத ஒன்று காற்று. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் பரல்கள்தாம் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. தேனில் அந்தப் பரல்கள் இல்லை. வெண்ணெயை அடித்துச் செய்யும் கேக் என்றால் பாதிச் சர்க்கரையை வைத்துக்கொண்டு மறு பாதிக்கு மட்டும் தேன் சேருங்கள். இழப்பு அதிகம் தெரியாது. முழுக்கத் தேனே வேண்டுமானால் எண்ணெய் ஊற்றிச் செய்யும் வாழைப்பழ கேக், இஞ்சி கேக் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் தேன் அருமையாக அமையும். ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் மறுநாள் இன்னும் மென்மையாக இருக்கும். அதே குணம்தான் மொறுமொறுப்பான பிஸ்கட்டுகளைக் கெடுக்கிறது. தேன் சேர்த்தால் அவை பரந்து, விரைவில் நமத்துப்போகும்.

விலையுயர்ந்த, சூடாக்காத தேன் இதற்குத் தேவையில்லை. அதன் நொதிகள் ஓவன் சூட்டில் அழிந்துவிடும். கருநிறத் தேன் மணத்தில் மற்றவற்றை அமுக்கிவிடும். இஞ்சிக்கு அது பொருந்தும், வெனிலாவுக்கு இளநிறமே நல்லது.

உடல்நலத்துக்காக மாற்றுகிறீர்கள் என்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை தேனும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கேக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவைக்காகவும் மென்மைக்காகவும் தேனைத் தேர்ந்தெடுங்கள், அது போதுமான காரணம்.

உங்கள் குழந்தைக்கு இந்தக் கேக்கைத் தரவே கூடாது. தேனில் பொட்டுலிசம் என்னும் கடும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். அவற்றை அழிக்க அழுத்தத்துடன் கூடிய 121 டிகிரி சூடு வேண்டும். வேகும் கேக்கின் உட்புறமோ 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. பெரியவர்களின் குடல் பொதுவாக இவற்றை வளரவிடாது, கைக்குழந்தையின் குடலுக்கு அந்த வலு இல்லை. ஒரு வயது நிறையும் வரை தேன் சேர்ந்த எதையும், வேகவைத்ததாக இருந்தாலும், ஊட்டாதீர்கள்.