பழைய ஹார்மனி படிக்கட்டும், 1,200 வெள்ளி கோர்ஸ் வேண்டாம்

கேள்வி: நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகளுக்கு வயது 16. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தியரி கிரேட் 5 தேறிவிட்டாள். கோயில் திருவிழாக்களில் பாடும் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறாள். டவுனில் ஒரு மியூசிக் சென்டரில் "18-ஆம் நூற்றாண்டு ஹார்மனி" என்று, மெட்டுக்குக் கார்டுகள் அமைக்கும் பாடத்தை ஆறு மாத கோர்ஸாக நடத்துகிறார்கள். புத்தகம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி (ரிங்கிட்). சினிமாப் பாட்டு வாசிக்கிற பிள்ளைக்கு முந்நூறு வருடத்துப் பழைய சங்கதி எதற்கு? கட்டலாமா?

பதில்: அம்மா, பாடத்தைப் படிக்கட்டும். அந்தக் கோர்ஸுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

இன்றிரவு மகள் வாசிக்கும்போது இடது கையைக் கவனியுங்கள். சி, ஜி, ஏ மைனர், சி, எஃப் என்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், மாறும்போதெல்லாம் அந்தக் கை தாவித் தாவிப் போகும். வலது கை அதே கார்டுகளைப் பிடிக்கட்டும். இடது கையை மட்டும் சி, பி, ஏ, ஜி, எஃப் என்று படிப்படியாக இறக்கச் சொல்லுங்கள். பாட்டு அதேதான், அடியில் இன்னொரு பாட்டு ஓடுவது உங்களுக்கே கேட்கும். இளையராஜா பாட்டில் பாஸ் என்ற அடிக்குரல் தனியாகப் பாடுகிறதே, அதற்கு வழி இங்கேதான் தொடங்குகிறது. அவரும் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து இந்த ஐரோப்பியப் பாடத்தைப் படித்தவர்தான்.

அந்த இரண்டாவது கார்டை, அடியில் பி வைத்த ஜி கார்டை, இன்று ஜி/பி என்று எழுதுகிறோம். 1600களில் பி சுரத்துக்குப் பக்கத்தில் 6 என்று ஓர் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்த கை தானாக பி, டி, ஜி பிடிக்கும். அதுவும் ஜி, பி, டி-யும் ஒரே வேரில் கிளைத்த கார்டு என்று விளக்கமாக எழுதி வைத்தவர் பிரான்ஸின் இசையமைப்பாளர் ராமோ, 1722-இல். மகள் கிரேட் 5-இல் மனப்பாடம் செய்த "இன்வெர்ஷன்" இதுதான். அதை அவள் படித்தாள், ஆனால் காதால் கேட்டாளா? 2020 முதல் அந்தத் தேர்வு கணினியில், விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. ஒரு கார்டைக்கூட வாசித்துக் காட்டாமல் தேறிவிடலாம். அதையோ வாரியம் ஏற்கும் வேறொரு கிரேட் 5 தேர்வையோ தேறினால்தான் கிரேட் 6 கருவித் தேர்வுக்கு உட்கார முடியும் என்று வாசலில் கதவு போட்டிருக்கிறார்கள். காது இல்லாத தாளை வைத்து இசைக்குக் கதவு போடுவதை என்னால் இன்றுவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்தக் காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பிள்ளைகள் இதை வேறு விதமாகப் படித்தார்கள். இன்று இசைக் கல்லூரியைக் குறிக்கும் கன்சர்வேட்டரி என்ற சொல்லுக்கே அங்கே முதலில் அநாதைப் பிள்ளைகளைக் காக்கும் இல்லம் என்றுதான் பொருள். அந்த நகரத்தில் அப்படி நான்கு இல்லங்கள் இருந்தன. அங்கே ஆசிரியர் ஒரு பாஸ் வரியை மட்டும் கொடுப்பார். மேலே என்ன வர வேண்டும் என்பதைப் பையன் கீபோர்டில் கையாலேயே கண்டுபிடிக்க வேண்டும். சுவர் வைக்கப் பழகுகிற மாதிரி, தொழிலாகப் பழகினார்கள். நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமார்களைக் கேளுங்கள், கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்று யாரும் தாளில் படித்து வரவில்லை.

இப்போது அந்த 1,200 வெள்ளிக்கு வருகிறேன். இந்தப் பழைய நூல்களுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ராமோவின் நூல், ஆஸ்திரியாவின் ஃபுக்ஸ் 1725-இல் வெளியிட்ட நூல், ரஷ்யாவின் சைக்கோவ்ஸ்கி எழுதிய ஹார்மனி கையேடு எல்லாம் ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதையே போட்டோஸ்டாட் எடுத்து, சுருள் கம்பி போட்டு, "ஸ்பெஷல் நோட்ஸ்" என்று விற்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையனின் அப்பா 180 வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தார். புரட்டிப் பார்த்தால் பாதிப் பக்கங்களில் ஓரம் வெட்டுப்பட்டு, பாஸ் எண்களே காணோம். அந்த எண்கள் இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தில் மிச்சம் என்ன? சான்றிதழ் கதையும் இதுதான். சென்டர் தன் முத்திரையைத் தானே குத்திக் கொடுக்கிற தாளை எந்தக் கல்லூரியும் ஏறெடுத்துப் பார்க்காது. "தேர்வுக்குப் பதிந்து தருகிறேன்" என்று நடுவில் நின்று கட்டணத்துக்கு மேல் வாங்குகிறவர்களிடம் வாரியத்தின் ரசீதைக் கேளுங்கள். தர மாட்டார்கள்.

சென்டருக்குப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "போன மாதம் நீங்கள் திருத்திய மாணவர் பயிற்சித் தாள் ஒன்றைக் காட்டுங்கள்." சிவப்பு மை இருந்தால் மேற்கொண்டு பேசலாம். ஹார்மனி என்பது தப்பாக எழுதி, திருத்தி வாங்குகிற படிப்பு.

ஓரிடத்தில் இந்தப் பாடம் உங்கள் மகளைத் தடுமாற வைக்கும். கோயில் பாட்டு பல மோகன ராகத்தில் இருக்கும். சி-யை சட்ஜமாக வைத்தால் சி, டி, இ, ஜி, ஏ ஐந்துதான் சுரம். பாட்டு ஜி கார்டுக்குப் போய் சி-யில் வந்து முடிய வேண்டும் என்று பழைய புத்தகம் சொல்லும். ஜி கார்டில் பி இருக்கிறது, அது நிஷாதம், மோகனத்தில் கிடையாது. சரி, எஃப் போடலாம் என்றால் எஃப்தான் மத்தியமம், அதுவும் கிடையாது. இந்த ஐந்து சுரத்துக்குள் முழுசாக அமைகிற கார்டு சி, ஏ மைனர் என்ற இரண்டுதான். அதற்காக மூன்றாவது கார்டே கூடாதா? கூடும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஜி போட்டால் உறுத்தாது. அவர் காந்தாரத்தில், அதாவது இ-யில், நின்று அசைக்கும்போது போட்டால் ராகம் கலைந்துவிடும். அங்கே ஜி, டி இரண்டை மட்டும் பிடித்து பி-யை விட்டுவிடலாம். ராமோ தன் ஊர்ப் பாட்டுக்கு விதி எழுதினார், மோகனத்துக்கு எழுதவில்லை. இது தெரியாமல்தான் பல கீபோர்டுக்காரர்கள் ராகப் பாட்டை நசுக்குகிறார்கள். யார், எந்த ஊரில், எந்தப் பாட்டுக்காக எழுதிய விதி என்று தெரிந்த பிள்ளைக்கு எங்கே அதை விட வேண்டும் என்றும் தெரியும். பழைய நூல்களை நான் விடாமல் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

செலவில்லாமல் தொடங்க வழி இருக்கிறது. தெரிந்த லுத்தரன் சபைக் குடும்பம் இருந்தால், ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டில் சுரம் எழுதும் முறையில்) நான்கு குரலுக்கு அச்சிட்ட பாட்டுப் புத்தகம் ஒன்றை இரவல் கேளுங்கள். தமிழ் ஞானப்பாட்டுகளில் சிலவற்றின் மெட்டு, இசையமைப்பாளர் பாக் நான்கு குரலுக்கு அமைத்த அதே ஜெர்மானிய மெட்டுதான். வாரம் ஒரு பாட்டு போதும். முதலில் பாஸை மட்டும் பாடட்டும், பிறகு இடது கையில் வாசித்துக்கொண்டே மெட்டைப் பாடட்டும். சி, பி, ஏ, ஜி, எஃப் இறக்கத்தை ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு கட்டையிலும் வாசித்துவிட்டால் எனக்கு மறுபடி எழுதச் சொல்லுங்கள்.