மேக் மினிக்கு உள்ள டிஸ்க்கா, வெளிய டிஸ்க்கா?

கேள்வி: சார், என்கிட்ட ஆப்பிளோட குட்டி டெஸ்க்டாப், 2014 மேக் மினி இருக்கு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ராம். மேக்ஓஎஸ் மான்டரே போட்டதுல இருந்து ஆன் ஆகவே அவ்வளவு நேரம் எடுக்குது. கடையில கேட்டா உள்ள எஸ்எஸ்டி (சுத்தாத, சிப்ல சேமிக்கிற டிஸ்க்) மாத்தணும்ங்கறாங்க, பிரெண்டு யூஎஸ்பில வெளிய மாட்டினாலே போதும்ங்கறான். வெளிய மாட்டினா ஸ்லோவா தானே இருக்கும்?

பதில்: உங்க பிரெண்டு சொல்றதைக் கேளுங்க. உள்ள இருந்தா வேகம், வெளிய இருந்தா மெதுவுன்னு எதுவும் கிடையாது. டிஸ்க் என்ன ரகம், எந்த போர்ட் வழியா போகுது, இந்த ரெண்டையும் தான் பார்க்கணும். உங்க மினிக்குள்ள இருக்கறது நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துற லேப்டாப் டிஸ்க், ஒரு பெரிய வீடியோவை மொத்தமா காப்பி பண்ணினா செகண்டுக்கு 100 எம்பி கிட்ட வரும், டிஸ்க் நிரம்பி உள்வட்டத்துக்குப் போகப்போக அதுலயும் பாதி தான் மிஞ்சும். சரி, சிஸ்டம் ஆன் ஆகும்போது பெரிய ஃபைலையா படிக்குது? எங்கெங்கயோ சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலைத் தேடித்தேடி எடுக்குது, ஒவ்வொண்ணுக்கும் டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் நகரணும், தட்டு சுத்தி வரணும், அரைச் சுத்துக்கே 5.5 மில்லிசெகண்ட் ஆகுது, ஹெட் நகர்ற நேரத்தையும் சேர்த்தா செகண்டுக்கு 100 தடவை எடுக்கிறதே பெரிய விஷயம். எஸ்எஸ்டில நகர்ற பாகமே இல்ல, யூஎஸ்பி வழியா போனாக்கூட செகண்டுக்கு ஆயிரக்கணக்குல எடுத்துடும்.

இன்னொண்ணு, 2018ல வந்த மேக்ஓஎஸ் மொஹாவேல இருந்து ஆப்பிள் சுத்துற டிஸ்க்கையும் ஏபிஎஃப்எஸ்ங்கற, ஃபைலை அடுக்கி வைக்கிற புது ஃபார்மேட்டுக்கு மாத்திடுது. அது எஸ்எஸ்டியை மனசுல வச்சு செஞ்ச ஃபார்மேட், பழைய டிஸ்க்ல போட்டா விவரமெல்லாம் சிதறிப்போய் ஹெட் இன்னும் அலையும். போதாக்குறைக்கு 4 ஜிபி ராம், அது போர்டோட சால்டர் பண்ணினது, ஏத்த முடியாது. ராம் பத்தாதப்போ எல்லாம் டிஸ்க்கைத் தான் ராம் மாதிரி பயன்படுத்துது, அந்த நேரத்துல தான் உங்களுக்கு எல்லாமே உறைஞ்சு நிக்குது.

உங்க மினில நாலு யூஎஸ்பி 3 போர்ட் இருக்கு, பேப்பர்ல 5 கிகாபிட், கையில வர்றது செகண்டுக்கு 400 எம்பி சொச்சம். அதே எஸ்எஸ்டியை உள்ள இருக்கிற சாட்டா இணைப்புல மாட்டினா 500 சொச்சம் வரும். அளந்து பார்த்தா தான் இந்த வித்தியாசம் தெரியும், வேலை செய்யறப்போ தெரியாது. அதுக்காக நடுவுல ஓட்டை போட்ட அந்த சின்ன நட்சத்திர ஸ்க்ரூவையெல்லாம் கழட்டி, ஆன்டெனா வயரைப் பிச்சுக்கற ஆபத்தை எதுக்கு விலைக்கு வாங்கணும்? எஸ்எஸ்டியை வைக்கிற வெளிப்பெட்டி, அதாவது கேஸ், யூஏஎஸ்பி (ஒரே நேரத்துல பல வேலையை வாங்கிக்கிற யூஎஸ்பி முறை) சப்போர்ட் இருக்கிறதா பார்த்து வாங்குங்க, இது ரொம்ப முக்கியம், அது இல்லாத கேஸ் ஒரு வேலை முடிஞ்சா தான் அடுத்ததை வாங்கும், குட்டி ஃபைல்ல அடி வாங்கிடும். மேக்ஓஎஸ் திரும்பப் போடறதுக்கான ரெக்கவரி திரைக்குப் போய் வெளி எஸ்எஸ்டில மேக்ஓஎஸ் போட்டு, ஸ்டார்ட்டப் டிஸ்க் செட்டிங்ல அதையே செலக்ட் பண்ணிடுங்க. உள்ள இருக்கிற பழசு சும்மா படம், பாட்டு வச்சுக்க உதவும்.

கேள்வி: என்னோடது 2010 மினி. எனக்கும் இதே வழி தானா?

பதில்: இல்லீங்க, உங்களுக்கு நேர் எதிர். அதுல இருக்கறது யூஎஸ்பி 2, எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி மாட்டினாலும் செகண்டுக்கு 40 எம்பியைத் தாண்டாது. அதுல இருக்கிற இன்னொரு பழைய போர்ட், ஃபயர்வயர் 800ல போனா 80 கிட்ட வரும், ஆனா அந்த கேஸ் இப்ப தேடணும். உள்ளயே மாத்திடுங்க, அடிமூடியைத் திருகினாலே திறக்கும்.

கேள்வி: புது எம்4 மினி வாங்கினேன், 256 ஜிபி பத்தலன்னு வெளி எஸ்எஸ்டி போட்டேன். பெட்டில செகண்டுக்கு 2000 எம்பின்னு இருக்கு, எனக்கு 40 தான் வருது. டூப்ளிகேட்டா?

பதில்: அவசரப்படாதீங்க, முதல்ல கேபிளை மாத்துங்க. போன் சார்ஜரோட வர்ற டைப் சி கேபிள் பலது உள்ளுக்குள்ள வெறும் யூஎஸ்பி 2 தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், 40 வருதுன்னாலே சந்தேகம் அது மேல தான். எஸ்எஸ்டியோட வந்த குட்டி கேபிளைப் போட்டுப் பாருங்க. அப்பவும் 2000 வராது, ஏன்னா அந்த வகை எஸ்எஸ்டி 20 கிகாபிட் யூஎஸ்பி, மேக் அதை 10 கிகாபிட்டா தான் ஓட்டும், 1000 சொச்சம் வந்தா பொருள் நல்ல பொருள் தான். அதுக்கு மேல வேணும்னா பின்னாடி இருக்கிற, இன்னும் வேகமான தண்டர்போல்ட் போர்ட்ல தண்டர்போல்ட் இல்லன்னா யூஎஸ்பி 4 கேஸ் போடணும், விலை ஜாஸ்தி. போட்டோ, டாக்குமென்ட் வைக்கறதுக்கெல்லாம் அது வீண் செலவுன்னு தான் சொல்வேன், பெரிய வீடியோ எடிட் பண்றவங்களுக்கு வேணும்.

கேள்வி: வெளி டிஸ்க் மாட்டினதுல இருந்து ப்ளூடூத் மவுஸ் விட்டுவிட்டு நகருது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்ல. யூஎஸ்பி 3 ஓடும்போது கேபிள்லயும் கேஸ்லயும் இருந்து கசியற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல விழும், ப்ளூடூத்தும் அதே இடம், இன்டெல்லே 2012ல இதை எழுதி வெளியிட்டிருக்காங்க. மினி சின்ன பெட்டிங்கறதால ஆன்டெனாவுக்குப் பக்கத்துலயே டிஸ்க்கை வச்சுடறோம். ஷீல்டு நல்லா இருக்கிற கேபிளா போட்டு டிஸ்க்கை அரை அடி, ஒரு அடி தள்ளி வைங்க, மினி மேலயே வைக்காதீங்க, வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திடுங்க.