செவ்வாயில் காற்றுத் தள்ளி உருளும் பந்து: கேட்டவர்களுக்குப் பதில்

பந்து என்றால், கருவிப் பெட்டியை உள்ளே வைத்து, காற்று தள்ளும் பக்கமெல்லாம் உருண்டுபோய் அளவெடுக்கும் பெரிய காற்றடைத்த பந்து.

கே: செவ்வாயில் காற்றே இல்லையே, பந்து எப்படி உருளும்?

ப: இருக்கிறது, ஆனால் அடர்த்தி நம் காற்றில் சுமார் அறுபதில் ஒரு பங்குதான். அதனால்தான் பந்து பெரிதாக வேண்டும். 6 மீட்டர் விட்டம், 20 கிலோ நிறை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 10 மீட்டர் காற்று சுமார் 14 நியூட்டன் விசையோடு தள்ளும், அங்கே பந்தின் எடை 74 நியூட்டன், ஆக கல், மணல் தடையை விட்டுவிட்டால் 10 டிகிரி சரிவு ஏறிவிடும். காற்றின் வேகம் பாதியானால் விசை கால்வாசி, 3 டிகிரி மேடே நிறுத்திவிடும். வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடர்த்தியையும் பாருங்கள்.

கே: யாராவது செய்து பார்த்தார்களா?

ப: 2004 ஜனவரியில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நம் பூமியின் தென்துருவத்தில் உள்ள அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்திலிருந்து ஒன்றை உருட்டிவிட்டது. சுமார் 8 நாளில் 70 கிலோமீட்டர் போனது, தகவல் எல்லாம் இரிடியம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. அதற்கு முன்பு அமெரிக்காவின் மோஹாவி பாலைவனச் சோதனையில் ஓர் ஊர்தியின் காற்றடைத்த சக்கரம் கழன்று காற்றோடு ஓட, துரத்திப்போய்ப் பிடித்தார்கள். பழைய யோசனை மறுபடி சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

கே: தூசிப்புயல் தூக்கிக்கொண்டு போய்விடாதா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். அடர்த்தி.

கே: வெள்ளிக் கோளில்?

ப: தரையில் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் அடர்த்தி மிக அதிகம், தள்ளும். 460 டிகிரி வெப்பத்தில் கருவி பிழைப்பதுதான் பாடு.

கே: நம்மூரில் இதைவிட மெதுவான காற்றிலேயே பந்து ஓடுகிறதே?

ப: அடர்த்தி, அடர்த்தி. இதற்கு இனிமேல் பதில் இல்லை.

கே: திருப்பவே முடியாத வண்டி எதற்கு? இந்தப் பாறையைப் பார் என்றால் போகாதே.

ப: போகாது. ஆனால் உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் அடி தட்டையாகி நிற்கும், மறுபடி ஊதினால் கிளம்பும். ஒரு பாறையை ஆராய, ஓட்டித் திருப்பக்கூடிய ரோவர் வண்டிதான் சரி, பெரும் பரப்பில் ஈரம், காந்தப்புலம் எல்லாம் அளக்க மலிவான பத்துப் பந்து போதும்.

கே (அதே நண்பர்): பத்துப் பந்து என்றால் பத்து மடங்கு கிருமி. நீர் இருக்கக்கூடிய இடத்துக்குள் உருண்டு போனால்?

ப: இந்தத் திட்டத்தின் உண்மையான தலைவலி இதுதான். பூமியின் நுண்ணுயிர் பெருகக்கூடிய பகுதிகளுக்கு ‘சிறப்புப் பகுதி’ என்று பெயர், அங்கே இறங்குகிற கருவிக்குக் கிருமிநீக்க விதி மிகக் கடுமை. ரோவரை அந்தப் பக்கம் விடாமல் திருப்பிவிடலாம், பந்தை முடியாது. அதனால் அப்படிப்பட்ட பகுதிகள் பக்கத்தில் இல்லாத சமவெளியில் இறக்க வேண்டும், இல்லையா, எல்லாப் பந்தையும் அந்தக் கடும் விதிப்படியே சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவதைச் செய்தால் மலிவு என்ற பேச்சே போய்விடும், எனவே என் ஓட்டு முதலாவதற்கு.

கே: கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குச் செய்யலாமா?

ப: தாராளமாக. கருவிப் பெட்டியை நட்டநடுவில் எல்லாப் பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுங்கள், ஒரு பக்கம் கனத்தால் பந்து உருளாமல் ஆடிக்கொண்டே நிற்கும். மைதானத்தில் விடும்போது நீளமான நைலான் கயிறு ஒன்று கட்டியிருக்கட்டும், ரோட்டுப் பக்கம் விடவே வேண்டாம்.