ஜோடியாக வாசித்துவிட்டுத் தனியாக வாசிப்பது

கேள்வி: இருவராகவே மேடையேறிப் பழகியவர்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவரால் பழையபடி வாசிக்க முடியுமா?

வாசிக்க முடியும். பழையபடி முடியாது. கும்பகோணம் பக்கத்தில் கல்யாணம், கோயில் திருவிழா என்று நானும் ஒரு அண்ணனும் (கூடப்பிறந்தவர் இல்லை, என்னைவிட 4 வயது மூத்தவர்) 28 வருஷம் இரட்டை மாண்டலின் வாசித்தோம். அவர் போய் 3 வருஷமாகிறது.

முதலில் இருவரும் ஒரு மெல்லிசைக் குழுவில்தான் இருந்தோம். எண்பதுகளில், மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்த யு. ஸ்ரீனிவாஸின் கேசட் கையில் கிடைத்தது, ராத்திரி முழுக்கக் கேட்டோம், மறுநாளே அண்ணன் மாண்டலினைக் குப்புறப் போட்டு கம்பியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். சாதாரண மாண்டலினில் ஜோடி ஜோடியாக 8 கம்பி. கமகத்துக்காக (ஸ்வரத்தை அசைத்து வாசிக்க) இழுத்தால் ஜோடியின் இரண்டு கம்பியும் ஒரே அளவு ஏறாது, காதைப் பிறாண்டும். அதோடு மீட்டிய ஒலி பொசுக்கென்று செத்துவிடும், தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) அசைத்து முடிப்பதற்குள் அங்கே ஒலியே இருக்காது. ஸ்ரீனிவாஸ் ஒற்றைக் கம்பிகளாக 5 வைத்து, மின்சார மாண்டலினாக்கி இதைத் தாண்டினார். நாங்களும் அதே வழி. மாண்டலின் கம்பி எங்கள் ஊரில் லேசில் கிடைக்காது. அண்ணன் கிதார் கம்பி வாங்கி, நுனியில் இருக்கும் பித்தளைக் குண்டை மூக்குக் குறடால் நெருக்கி உடைத்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் வளையத்தைக் கொக்கியில் மாட்டுவார். உடைத்த குண்டுகளை ஒரு பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தார், எதற்கென்று கடைசிவரை சொல்லவில்லை.

பாட்டுக்கு வயலின் வாசித்தால் குரல் வேறு, வில் வேறு, சின்ன வித்தியாசம் கரைந்துபோகும். ஒரே வாத்தியம் இரண்டு என்றால் அந்தச் சலுகை கிடையாது. நான் நிஷாதத்தை (‘நி’ ஸ்வரத்தை) ஒரு மாதிரியும் அவர் வேறு மாதிரியும் அசைத்தால் யாரோ தப்பு செய்கிற மாதிரியேதான் கேட்கும். அதனால் பிரித்துக்கொண்டோம்: கீழ் ஸ்தாயி (தாழ்ந்த சுருதிப் பகுதி) அவருக்கு, மேலே எனக்கு, கல்பனாஸ்வரத்தில் (அந்த நேரத்தில் கற்பனையாக வாசிக்கும் ஸ்வரங்களில்) ஆளுக்கொரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. கதனகுதூகலம் வாசித்தால் கைதட்டல் உறுதி, அந்த ராகத்தின் தாவல்கள் மாண்டலினுக்கென்றே பிறந்தவை. ஆனால் அவர் தோடி இல்லாமல் எழுந்திருக்க மாட்டார். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் கிளம்பிக்கொண்டிருக்கும், "அண்ணே, போதும்ணே" என்பேன். "உனக்குப் பசிச்சா நீ போடா" என்பார். (எனக்குப் பசிக்கும் என்பது வேறு விஷயம்.)

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீனிவாஸ் போய்விட்டார். வயது 45. அண்ணன் போனில் அழவில்லை, "ராஜேஷ் தம்பி பக்கத்துல இனி யாருடா?" என்று மட்டும் கேட்டார். ஸ்ரீனிவாஸோடு சேர்ந்தே வாசித்து வந்த தம்பி ராஜேஷ் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை, இன்றும் வாசிக்கிறார். எனக்குத் துக்கம் வந்தபோது அந்த ஒரு விஷயம்தான் கொஞ்சம் கை கொடுத்தது.

சரி, என் கதை. ஒரு வருஷம் வாத்தியத்தைத் தொடவே இல்லை. அப்புறம் தனியாக உட்கார்ந்தபோது கீழ் ஸ்தாயிக்குக் கை போகவே மாட்டேன் என்றது, அது அவர் இடம். இப்போது பழக்கிக்கொண்டுவிட்டேன், அவ்வளவு ஆழம் வராது. ஆனால் ஸ்வரம் வாசிக்கும்போது ஒரு ஆவர்த்தனம் முடிந்ததும் கை தானாக நின்றுவிடுகிறது, அடுத்தது அவருடையது என்று. முதல் தடவை மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது தடவையிலிருந்து அந்த ஒரு ஆவர்த்தனத்தை அவரே வாசித்து நிரப்பிவிடுகிறார். அவரும் ஏன் என்று கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.