மார்டினில எத்தனை வகை இருக்கு, எதுக்கு என்ன சைட் டிஷ் நல்லா இருக்கும்?

கிளாஸ்ல என்ன போட்டுத் தர்றாங்கன்னு முதல்ல பாருங்க. ஆலிவா, எலுமிச்சைத் தோலா, ஊறுகாய் போட்ட குட்டி வெங்காயமா? என்ன சாப்பிடலாம்ங்கறதுக்கு பாதி பதில் அதுலயே இருக்கு.

மார்டினிங்கற காக்டெயிலுக்கு அடிப்படை என்னன்னா ஜின்னும் ட்ரை, அதாவது இனிப்பு இல்லாத, வெர்மூத்தும். வெர்மூத்ங்கறது மூலிகையெல்லாம் ஊறவச்சு கொஞ்சம் ஸ்பிரிட் சேத்த ஒயின். பார்டெண்டர்களோட சர்வதேச சங்கம் சொல்ற அளவு 60 மில்லி ஜின்னுக்கு 10 மில்லி வெர்மூத், ஐஸ்ல நல்லா கலக்கி வடிகட்டி ஊத்தணும், அந்த ஐஸ் உருகுன தண்ணியும் சேந்துதான் ட்ரிங்க், அப்பவும் ஏறக்குறைய 30 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். அதனால ஒயின் மாதிரி வாய்க்கு ஒரு மடக்குன்னு ஃபுல் மீல்ஸ் கூட குடிக்கற விஷயம் இல்ல இது. சின்னச் சின்னதா, உப்பும் கொழுப்பும் இருக்கற ஐட்டம்தான் சரியா வரும்.

எலுமிச்சைத் தோல் போட்ட ட்ரை மார்டினின்னா கண்ணை மூடிட்டு கடல் பக்கம் போயிடுங்க. வேக வைக்காத ஆய்ஸ்டர் (சிப்பி), அவிச்சு ஆறவச்ச இறால், ஸ்மோக்டு சால்மன். ஜின்னோட வாசனையே ஜூனிப்பர் பழம்தான், வட ஐரோப்பால மீனைப் பதப்படுத்தவே அதைப் போடுறாங்க, அதனால சால்மனும் ஜின்னும் ஏற்கனவே சொந்தக்காரங்க. லண்டன் டியூக்ஸ் பார்ல ஃப்ரீசர்ல வச்ச ஜின்னை ஐஸ்ல கலக்காம நேரா கிளாஸ்ல ஊத்தி எலுமிச்சைத் தோலைப் பிழிஞ்சு தருவாங்க. தண்ணியே சேராததால ரொம்ப ஸ்ட்ராங், ஒருத்தருக்கு ரெண்டுக்கு மேல தர மாட்டாங்க. அங்க போறதுன்னா தயவுசெஞ்சு சாப்பிட்டுட்டு போங்க.

டர்ட்டி மார்டினில ஆலிவ் ஊறுன உப்புத்தண்ணியையும் சேத்துடுவாங்க. உப்பு கசப்பை அடக்கிடும், அதான் மார்டினி பிடிக்காதவங்களுக்கும் இது பிடிக்குது. இதுக்கு சூடான ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸை மிஞ்ச ஒண்ணும் கிடையாது, நியூயார்க்ல இந்த ரெண்டையும் ஜோடியாவே ஆர்டர் பண்றாங்க. ப்ளூ சீஸ் அடைச்ச ஆலிவும் நல்லா இருக்கும், ஆனா உப்பு மேல உப்பு, கொஞ்சமா வச்சுக்கங்க.

கிப்ஸன்ங்கற வகைல அந்த ஊறுகாய் போட்ட குட்டி வெங்காயம். அந்தப் புளிப்புக்கு கொழுப்பா ஏதாவது வேணும், சிக்கன் லிவர் பாட்டே, அதாவது அரைச்ச ஈரல் விழுது, தடவுன டோஸ்ட் போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபிஃப்டி-ஃபிஃப்டி. ஜின்னும் வெர்மூத்தும் சரிபாதி. மார்டினின்னா வெர்மூத் வாசனையே வரக்கூடாதுன்னு பெருமையா சொல்றவங்க இதை ஒருதடவை சாப்பாட்டோட குடிச்சுப் பாக்கணும், காட்டம் குறைஞ்சு மூலிகை வாசனை முன்னாடி வந்து நாக்குல சாப்பாட்டுக்கும் இடம் விடுது, டின்னரோட நிம்மதியா குடிக்கலாம்னா என்னைக் கேட்டா இந்த ஒண்ணுதான். தெற்கு பிரான்ஸ்ல மார்சியான்னு ஒரு ஊர்ல நுவாயி ப்ராங்கற பிராண்ட் வெர்மூத் செய்றாங்க, ஃப்ரெஞ்சு சமையல்ல மீனுக்கு பட்டர் சாஸ் பண்றப்ப அதையே ஊத்துவாங்க. அப்போ தட்டுலயும் வெர்மூத், கிளாஸ்லயும் வெர்மூத், பொருந்தாம எங்க போகும்? ரோஸ்ட் சிக்கன், ஆட்டுப்பால் சீஸ் கூடவும் அருமை.

பழைய ஸ்டைல்னா மார்டினெஸ். 1884லயே காக்டெயில் புத்தகத்துல வந்துடுச்சு, மார்டினிக்கு முன்னோடின்னு சொல்வாங்க. இனிப்பு வெர்மூத், கொஞ்சம் செர்ரி லிக்கர் (இனிப்பான மது) இருக்கறதால ஹாம், வாத்துக்கறி, நல்லா முத்துன சீஸ் இதுக்கெல்லாம் போகும்.

எஸ்பிரெஸோ மார்டினி இந்தக் குடும்பமே இல்ல. 1980கள்ல லண்டன்ல டிக் பிராட்செல்ங்கற பார்டெண்டர் கண்டுபிடிச்சது, வோட்கா, காபி லிக்கர், எஸ்பிரெஸோ, சர்க்கரை, அவ்ளோதான். சாப்பாட்டுக்கு அப்புறம் டார்க் சாக்லேட்டோட, இல்ல பாதாம் பிஸ்கெட்டோட குடிங்க. டிராமிசு வேண்டாம், காபி மேல காபின்னு திகட்டிடும்.

முக்கியமா ஒண்ணு, நம்ம ஊர் வழக்கத்துல சில்லி சிக்கன் ஆர்டர் பண்ணிடாதீங்க. மிளகாய் எந்த நரம்பு ஏற்பியைத் தூண்டி எரிச்சல் தருதோ அதையேதான் ஆல்கஹாலும் தூண்டுது, பீர்ல ஆல்கஹால் கம்மிங்கறதால தெரியாது, மார்டினில ரெண்டும் சேந்து வாயே எரியும், ஜின் வாசனை ஒண்ணுமே தெரியாது. காரம் வேணும்னே இருந்தா கடுகுக் காரத்தோட நிறுத்திக்கங்க.

வீட்ல செய்றதா இருந்தா வெர்மூத் பாட்டிலைத் திறந்ததும் ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல முடிச்சிடுங்க, அது ஒயின்தானே, வெளிய அலமாரில விட்டா கெட்டுடும். கிளாஸையும் முன்னாடியே ஃப்ரீசர்ல போட்டு வைங்க, சாப்பாடு டேபிளுக்கு வந்தப்புறம் கலக்க ஆரம்பிச்சா போதும்.