ஊட்டிப் பனியும் நெஞ்சும்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

குன்னூர்ல 28 வருஷம் நர்ஸ் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. மாத்திரை டோஸ் மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க, அது டாக்டர் வேலை.

கேள்வி (கேத்தி): அக்கா, அப்பாவுக்கு 62, பிபி இருக்கு. விடியக்காலம் 3 மணிக்கே கேரட் மூட்டை ஏத்த கிளம்பிடுறார். சொன்னா கேக்க மாட்டேங்கறார்.

பதில்: குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும், அதோட மூட்டையும் தூக்குனா இதயத்துக்கு ரெட்டை வேலை, போதாததுக்கு தூங்கி எந்திரிச்ச முதல் சில மணி நேரம் வேற, ஹார்ட் அட்டாக் அதிகமா வர்ற நேரமே அதான். போர்வைய உதறிட்டு நேரா வெளிய ஓடாம பத்து நிமிஷம் வீட்டுக்குள்ளயே நடமாடட்டும், வெந்நீர் குடிக்கட்டும், குல்லா மப்ளர் கட்டாயம். மூட்டைய சின்னப் பசங்க தூக்கட்டும், அவர் கணக்கு பாக்கட்டும் (கௌரவமும் போகாது பாருங்க). கோடையில 130 இருந்த பிபி டிசம்பர்ல 150 காட்டுனா மெஷின் மேல பழி போடாம ஒரு வாரம் எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. நல்லாத்தான இருக்கேன்னு மாத்திரைய நிறுத்துறவங்கள நிறைய பாத்துட்டேன்.

கேள்வி (கோத்தகிரி): குளிருக்கு ரெண்டு பெக் நல்லதாமே?

பதில்: தோல் சூடாகும், உள்சூடு வெளிய போயிடும். வேண்டாம்.

கேள்வி (மஞ்சூர்): ராத்திரி ரூமுக்குள்ள சட்டியில கரி போட்டு வைக்கிறோம், பரவால்லயா?

பதில்: ஐயோ வேண்டாம்மா! கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிடும், இதய நோயாளின்னா இன்னும் சீக்கிரம். கம்பளிய ரெண்டா போத்திக்கங்க. மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற மாத்திரையும் சிலது பிபிய ஏத்தும், பிபி இருக்குன்னு சொல்லி வாங்குங்க.

கேள்வி (கூடலூர்): கேஸா அட்டாக்கான்னு எப்படிக்கா தெரியும்?

பதில்: வீட்ல உக்காந்து கண்டுபிடிக்கவே முடியாது, ஈசிஜி எடுத்தாத்தான். நெஞ்சு அழுத்தம், தாடை, இடது கை வலி, மூச்சு வாங்கல், முக்கியமா இந்தக் குளிர்லயும் உடம்பு வேர்த்துக் கொட்டுனா சோடா குடிச்சுப் பாக்காதீங்க, 108 கூப்பிடுங்க. சுகர் உள்ளவங்களுக்கு வலியே இல்லாமலும் வரும். நேரா கோயம்புத்தூர் போயிடலாம்னு கார எடுக்காதீங்க, மலைப்பாதையில பாதி வழியில என்ன பண்ணுவீங்க? 2023லருந்து தமிழ்நாடு அரசோட இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் (ரெண்டும் ரத்தம் கட்டாம இருக்க), அட்டோர்வாஸ்டாட்டின் (கொழுப்பு மாத்திரை) முதல் டோஸ் குடுத்துதான் அனுப்புறாங்க. உங்க பக்கத்துல அது எங்க இருக்குன்னு இன்னைக்கே பாத்து வச்சுக்கங்க.