வைஃபை பாஸ்வேர்டு: கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவரே என் மொபைல் எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனார். பத்து இலக்கம் போதாதா?

ப: போதாது. உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் அந்த நொடியில் காற்றில் போகும் தகவலைத் தெருவில் நின்றே பதிவு செய்துகொள்ளலாம். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்; உங்கள் ரவுட்டருக்கு எதுவுமே தெரியாது. நம் ஊர் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டு சோதிக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், வேலை முடிந்தது. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள். 63 எழுத்து வரை இடம் உண்டு. அப்படியே டபிள்யூபிஎஸ்ஸை, அதாவது பாஸ்வேர்டு அடிக்காமலே ரவுட்டரோடு இணைக்கும் வசதியை, ஆஃப் செய்யுங்கள்.

கே: அதை எதற்கு?

ப: அதற்கு எட்டு இலக்க பின் நம்பர் உண்டு. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. அந்த ஏழையும் ரவுட்டர் நான்கு, மூன்று எனப் பிரித்துச் சரிபார்க்கும். முதல் பாதி சரியா என்று தனியே காட்டிக்கொடுத்துவிடும். முதல் பாதிக்கு 10,000, அடுத்ததற்கு 1,000; ஒரு கோடி முயற்சி 11,000 ஆகச் சுருங்கிவிட்டது. 2011 டிசம்பரிலேயே அம்பலமான ஓட்டை.

கே: பிறந்த தேதி, எட்டு இலக்கம்?

ப: இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

கே: மனைவியின் மொபைல் எண்?

ப: அதுவும் 6, 7, 8, 9-இல்தானே தொடங்குகிறது? மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: எந்த பிளான் ஸ்பீடு?

ப: கஸ்டமர் கேரைக் கேளுங்கள்.

கே: அண்ணா, நான் வைஃபை பெயரையே மறைத்துவிட்டேன்.

ப: பயனில்லை. உங்கள் போன் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படையாகத்தான் போகும்.

கே (அவரே): நானும் நெட்வொர்க் வேலையில் இருப்பவன்தான். பக்கத்து வீட்டுப் பையன் கண்ணில் படாதது லாபம் இல்லையா?

ப: அந்தப் பையனை நிறுத்த நல்ல பாஸ்வேர்டே போதும். மறைத்த பெயரைத் தேடி உங்கள் போன் போகிற இடமெல்லாம் கூவிக்கொண்டு திரியலாம். இது நஷ்டம்.

கே (இன்னொருவர்): அவர் சொல்வது சரி சார். மறைத்த பிறகு எங்கள் அபார்ட்மென்டில் யாரும் பாஸ்வேர்டு கேட்டு வருவதில்லை.

ப: சரி, அந்த லாபத்தை ஒத்துக்கொள்கிறேன். கேட்டு வருபவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க், அதாவது விருந்தாளிக்கென்று தனி வைஃபை, கொடுங்கள்.

கே: மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். வெளியே போய்விட்டது என்ற சந்தேகம் வந்தால் மாற்றுங்கள். உடனே மாற்ற வேண்டியது ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, அதாவது அதன் செட்டிங்கைத் திறக்கும் பாஸ்வேர்டு. 2016-இல் மிராய் வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

கே: என் ரவுட்டரில் டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இல்லையே?

ப: டபிள்யூபிஏ2-வும் ஏஇஎஸ் என்ற குறியாக்கமும் போதும், பாஸ்வேர்டு நீளமாக இருந்தால். டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு முறை மட்டும்தான் இருக்கிறது என்றால் ரவுட்டரைக் காயலான் கடையில் போடுங்கள். டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் செய்தீர்களா?